தோலைத் தைக்கும் நூல்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ரயிலை விட்டு இறங்கி வெளியே வருகிறீர்கள். சாலையோரத்தில், கிழிந்த குடையின் நிழலில் அமர்ந்து செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரைக் காண்பீர்கள். வார் அறுந்த செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றபடி அவருடைய கைவேலையை நீங்களும் ஒருநாள் கவனித்திருக்கலாம். குத்தூசியால் ஒரு துளை, கொக்கி முனையில் சிக்கி வரும் நூல், ஓர் இழுப்பு, மீண்டும் அடுத்த துளை. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் ஊசியைக் கையில் எடுக்கும் முன் அவர் செய்த ஒரு சிறு செயல் உங்கள் கண்ணில் பட்டதா? பக்கத்திலிருந்த தகரப் பெட்டியில் இரண்டு மூன்று வகை நூல்கள் இருந்தன. செருப்பைத் திருப்பிப் பார்த்தார். தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அவற்றில் ஒன்றை எடுத்தார். ஏன் மற்றொன்றை எடுக்கவில்லை? அந்தக் கேள்விக்கு விடை தேடினால் பனிமலையில் கிடந்த ஒரு பிணத்திலிருந்து வெல்டிங் பட்டறை வரை போய்வர வேண்டியிருக்கிறது. வாருங்கள், போய்வருவோம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். நூல் என்றால் நூல்தானே, சட்டை தைக்கும் நூலையே கொஞ்சம் பருமனாக வாங்கினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆவடியில் 1961-ஆம் ஆண்டு முதல் படையினருக்கு உடை தைக்கும் அரசுத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே துணியில் ஊசி இறங்கும்போது, நெய்த இழைகள் விலகி வழிவிடுகின்றன. ஊசி போன பிறகு நூலைச் சுற்றி மீண்டும் நெருங்கிக்கொள்கின்றன. தோலோ நெய்யப்பட்டதன்று. எண்ணற்ற நுண்ணிழைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் ஒரு பரப்பு அது. அதில் குத்திய துளை பெரும்பாலும் துளையாகவே நின்றுவிடும். துளைகளை மிக நெருக்கமாகப் போட்டால் என்ன ஆகும் என்பதை அறிய அஞ்சல் தலைத் தாளைப் பாருங்கள். வரிசையான துளைகளின் வழியே தாள் எவ்வளவு அழகாகக் கிழிகிறது! தோலும் அப்படியே கிழியும்.

இதிலிருந்து தோல் வேலையின் அடிப்படையான உண்மை ஒன்று விளங்குகிறது. வலிமை மிகுந்த நூலே சிறந்த நூல் என்று நாம் எண்ணுகிறோம். அது தவறு. செருப்பு எங்காவது சிக்கி இழுபடும்போது ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். நூல் அறுந்தால் அதே துளைகளில் மறுபடி தைத்துக்கொள்ளலாம். செலவு சில ரூபாய். நூல் அறாமல் தோல் கிழிந்தால் துளைகளே போய்விடும்; பிறகு ஒட்டுப் போட வேண்டும் அல்லது எறிய வேண்டும். மின்சுற்றில் உருகுகம்பி வைக்கிறோம் அல்லவா? நல்ல தையலில் நூலுக்கு ஏறக்குறைய அந்த வேலைதான். அன்றாடப் பாரத்தைத் தாங்க வேண்டும். ஆனால் தோலை அறுக்கும் அளவுக்குப் பிடிவாதமாக இருக்கக் கூடாது.

தோலைத் தோலால் தைத்த காலம்

1991-ஆம் ஆண்டு ஆஸ்திரிய, இத்தாலிய எல்லையில் ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவன் இறந்து ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவன் அணிந்திருந்த தோலாடைகள் விலங்கின் தசைநாரைக் கொண்டு தைக்கப்பட்டிருந்தன. அர்மீனியாவில் ஆரெனி என்ற இடத்துக் குகையில் 2008-இல் கிடைத்த ஒற்றைச் செருப்பு இன்னும் பழையது. ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதில் நூலே இல்லை. முன்னும் பின்னும் தோல் வாரையே கோத்து இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

தசைநார் எதனாலானது? கொலாஜன் என்னும் புரதத்தாலானது. தோலும் அதே கொலாஜன்தான். ஆக, மனிதனின் முதல் நூல்களில் ஒன்றும் அவன் தைத்த பொருளும் ஒரே வேதிப்பொருள். நனைந்தால் இரண்டும் சேர்ந்து ஊறும், காய்ந்தால் சேர்ந்து சுருங்கும். பிற்கால நூல்கள் பலவற்றுக்கு இந்த ஒற்றுமை வாய்க்கவில்லை.

இந்த முறை நம் பக்கத்திலும் நெடுங்காலம் வாழ்ந்தது. இன்று பூந்தமல்லி, ஆவடிப் பக்கங்களில் அடுக்குமாடிகளைத்தான் காண்கிறோம். மின்சார இறைப்பிகள் வரும் முன்னர் செங்கற்பட்டுச் சீமையின் கிணறுகளில் கவலை இறைத்தார்கள். ஒரு ஜோடி மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து தண்ணீர்ச் சால் மேலே வரும். சாலின் அடியில் யானைத் தும்பிக்கை போன்ற தோல்குழாய் ஒன்று இருக்கும். மேலே வந்ததும் குழாயின் வாய் தாழ்ந்து, தண்ணீர் தானே வாய்க்காலில் கொட்டும். ஆளில்லாமலே கவிழும் இந்த ஏற்பாடு மிக நுட்பமானது. அதன் உயிர்நிலை தோலும் தையலும். நாள் முழுவதும் நீரில் முழுகி எழுந்து, கற்சுவரில் உரசி, பாரம் தூக்கி, மாலையில் வெயிலில் காயும் தையலைவிடக் கடுமையான சோதனைக்கு ஆளான தையல் வேறு இருக்குமா என்பது ஐயமே. அதைத் தோல்வாராலேயே தைத்தார்கள். ஊறிய வார் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும், ஒழுக்கு குறையும்.

அந்தத் தோல் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல். மரப்பட்டையிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப்பொருள் கொலாஜன் இழைகளோடு சேர்ந்து, அவை அழுகாமல் காக்கும். ஆனால் நீரிலேயே கிடந்தால் டானின் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும். தோல் மெல்ல மெல்லப் பச்சைத்தோலின் குணத்துக்குத் திரும்பி அழுகத் தொடங்கும். கவலைத் தோலை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது உழவனுக்குப் பெருஞ்செலவு.

இந்த இடத்தில் ஒரு பொறியாளர் கதைக்குள் வருகிறார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் பெரியமேட்டில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தைக் காணலாம். இன்று அரசு கவின்கலைக் கல்லூரி. அன்று சென்னைக் கலைத்தொழிற் பள்ளி. சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்த ஆல்பிரெட் சாட்டர்டன் 1903-ஆம் ஆண்டு அங்கே குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் 1884-இல் காப்புரிமை பெற்ற முறை அது. குரோமியம் உப்பு கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடுகிறது. ஊறவைத்தாலும் அது எளிதில் கரைந்து வெளியேறாது. நன்கு பதனிட்டிருந்தால் கொதிநீரையும் தாங்கும். சாட்டர்டன் இந்தத் தோலை யாருக்காக உருவாக்கினார் என்று நினைக்கிறீர்கள்? செருப்புக்கும் குதிரைச் சேணத்துக்கும் மட்டுமன்று, கவலைச் சாலுக்காகவும்தான். பின்னர் பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையின் பெயரே ஓர் ஊரின் பெயராயிற்று. குரோம்பேட்டையில் குடியிருப்போரில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

தோல் மாறியது; அதனால் நூலின் பிரச்சினையும் மாறியது. தோல் அழுகி நூல் பிழைத்த நிலை போய், தோல் பிழைத்து நூல் அழுகும் நிலை வந்தது. சாட்டர்டனின் பெயர் ஏடுகளில் இருக்கிறது. சால் தைத்தவர்களோ ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். எந்தத் தோலுக்கு எந்த வார், எத்தனை ஊறல், எவ்வளவு இழுப்பு என்ற அவர்களுடைய அறிவை யாரும் பொருட்படுத்தி எழுதி வைக்கவில்லை. நம் அறிவியல் வரலாற்றில் இது ஒரு பெரிய ஓட்டை.

நார்களின் ஆட்சி

செருப்பு, சேணம், பை போன்ற நுண்மையான வேலைக்கு வார் பருமன். அங்கே செடிநார்கள் ஆண்டன. ஐரோப்பாவில் ஆளிச்செடியின் தண்டிலிருந்து எடுத்த லினன் நூலே தோல் தையலின் அரசனாக இருந்தது. 1784-இல் ஜான் பார்பர் என்பவர் அயர்லாந்தின் லிஸ்பர்ன் நகரில் தொடங்கிய நூல் தொழில், உலகெங்கும் செருப்புத் தைப்போர், சேணம் தைப்போர், புத்தகம் கட்டுவோர் கைகளுக்கு லினன் நூலை அனுப்பியது.

நம் நாட்டில் ஆளியை விதைக்காகவே பெரிதும் பயிரிட்டார்கள். நாருக்குச் சணப்பு இருந்தது. இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். கடையில் சணல் என்று கேட்டால் இன்று கிடைப்பது பெரும்பாலும் கோணிச்சணல். வங்காளத்திலிருந்து வருவது. நம் வயல்களில் பசுந்தாள் உரமாகவும் விதைக்கப்படும் மஞ்சள் பூச் சணப்பு வேறு செடி. கோணிச்சணலில் லிக்னின் என்னும் மரப்பொருள் மிகுதி. வெயிலிலும் ஈரத்திலும் விரைவில் நொறுங்கும். சாக்குத் தைக்கலாம், தோல் தைக்கக் கூடாது. சணப்பு நாரோ மீன்வலைக்கே பயன்பட்டது, நீருக்கு அஞ்சாதது.

பருத்தி நூல் தையல் நூலாக மதிப்புப் பெற்றது காலம் தாழ்ந்துதான். நெப்போலியன் பிரிட்டனுக்கு எதிராக வணிகத் தடை விதித்தபோது பட்டு கிடைப்பது அரிதாயிற்று. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் கிளார்க் குடும்பத்தார் பட்டுக்கு மாற்றாக வழவழப்பான பருத்தி நூலை முறுக்கினார்கள். 1812 வாக்கில் அது தையல் நூலாக விற்பனைக்கு வந்தது. அதே ஊரின் கோட்ஸ் நிறுவனம், மதுரையிலும் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் ஹார்வி சகோதரர் நிறுவிய ஆலைகளோடு 1974-இல் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. ஹார்விகளின் தூத்துக்குடிக் கோரல் ஆலையில் 1908-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு நூற்கண்டைப் பிரித்தால் இப்படி எத்தனையோ கதைகள்.

லினன், சணப்பு, பருத்தி மூன்றும் அடிப்படையில் செல்லுலோஸ். இவற்றின் நற்குணம் ஒன்று வியப்பானது: நனைந்தால் இவற்றின் வலிமை குறைவதில்லை, கூடுகிறது! லினன் மற்றொரு வகையிலும் சிறந்தது. இழுத்தால் அது மிகச் சிறிதே நீளும். ஆகவே இறுக்கித் தைத்த தையல் இறுக்கமாகவே நிற்கும்.

ஆனால் செல்லுலோசுக்கு எதிரிகள் மூவர். முதல் எதிரி பூஞ்சணம். சென்னை மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த தோல் பையின்மேல் சாம்பல் பூத்தது போலப் படர்வது அதுதான். அது நாரைத் தின்னும். இரண்டாவது எதிரி அமிலம். பதனிட்ட தோல் பொதுவாகச் சற்று அமிலத்தன்மை உடையது; ஆண்டுக்கணக்கில் அந்த அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளைத் துண்டாடும். மூன்றாவது எதிரியை உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் எதிரியாகத் தெரியாது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்னோர் எழுதுமை செய்தார்கள் அல்லவா? கடுக்காயின் டானினும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து கருநீலமாகும். பட்டையில் பதனிட்ட தோலில் துருப்பிடித்த ஆணியோ வளையமோ பட்டு ஈரமும் சேர்ந்தால், அங்கே அதே மை உண்டாகிவிடும். பழைய காகிதங்களில் இந்த மை எழுத்துகளின் வழியே காகிதத்தை அரித்திருப்பதை ஆவணக் காப்பகங்களில் காணலாம். காகிதமும் செல்லுலோஸ், நூலும் செல்லுலோஸ். கறை படிந்த இடத்தில் நூல் முதலில் இற்றுப்போவதன் காரணம் இதுதான். சேண வேலையில் பித்தளை வளையங்களை விரும்பியது வெறும் அழகுக்காக மட்டுமன்று.

இம்மூன்று எதிரிகளிடமிருந்தும் ஓரளவு காத்தது மெழுகு. நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு மூன்று முறை இழுத்தால் ஈரம் உட்புகுவது குறையும். சிலும்பிய நுண்நார்கள் படியும். தோலில் உரசி நூல் தேய்வதும் குறையும். மெழுகோடு மரப்பிசினைச் சேர்த்து உருக்கினால் பிடிப்பும் வரும். அப்போது ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது உடனே நழுவாது. தேன்மெழுகு உருகுவது ஏறத்தாழ 63 டிகிரி செல்சியஸில். நம் ஊர் வெயில் அதை உருக்காது. ஆனால் கைச்சூடு அதை இளக்கும். தைக்கும்போது இளகி, தைத்தபின் இறுகும் இந்தக் குணத்துக்கு மாற்றாக வேறொன்றை இன்னும் பலர் விரும்புவதில்லை.

இடையில் ஒரு செய்தி. அம்பத்தூர் என்றவுடன் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையை நினைப்பவர்கள் உண்டு. பழைய கால சைக்கிளின் முழுத்தோல் இருக்கையை நினைவுபடுத்திப் பாருங்கள். அதில் தையலே கிடையாது! ஈரமாக்கி அச்சில் வார்த்த தோலை இரும்புச் சட்டத்தில் செம்புக் கடாவாணிகளால் அறைந்திருப்பார்கள். அதன் பின்னால் தொங்கும் கருவிப் பைக்குத்தான் தையல். ஆள் உட்காரும் பாரத்துக்குக் கடாவாணி, பைக்கு நூல். எங்கே தைக்கக் கூடாது என்று அறிவதும் தையல் அறிவே.

அழுகாத நூல்

இரண்டாம் உலகப் போரில் ஆவடி ஒரு பெரிய இராணுவத் தளமாயிற்று. பர்மாக் காடுகளிலும் நியூகினியிலும் போர் நடந்தது. இடைவிடாத மழை, சேறு, வெப்பம். அங்கே படைவீரர்களின் காலணிகளில் தோலுக்கு முன்பே தையல் அழுகிப் பிரிந்தது. அடித்தோல் கழன்ற காலணியோடு வீரன் எவ்வளவு தூரம் நடப்பான்? செல்லுலோஸ் நூலின் எல்லை அந்தச் சேற்றில் தெளிவாகத் தெரிந்தது.

மாற்று ஏற்கெனவே பிறந்திருந்தது. அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் 1935-இல் நைலானை உருவாக்கியிருந்தார். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையைக் கண்டார்கள். இரண்டையும் பூஞ்சணம் தின்னாது. நைலானின் மூலக்கூறில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. அதன் கண்ணிகளைக் கோப்பது அமைடு பிணைப்பு. புரதத்தின் கண்ணிகளைக் கோப்பதும் அதே பிணைப்புதான். தசைநாரில் தொடங்கிய மனிதன், செடிநார் வழியே சுற்றி, ஆய்வுக்கூடத்தில் மறுபடி தசைநாரின் உறவினனிடமே வந்து சேர்ந்தான் போலும்!

1960-களில் இந்தியாவிலேயே நைலான் இழை உற்பத்தி தொடங்கியது. 1970-களில் சென்னை மணலியில் டயருக்கான நைலான் நூல் உற்பத்தியாகத் தொடங்கியது. டயருக்கும் செருப்புக்கும் என்ன தொடர்பு? சாலையோரத் தொழிலாளியின் பெட்டியில் பழுப்பு நிறத்தில் முரட்டு நூல் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது பழைய டயரிலிருந்து உரித்தெடுத்ததாக இருக்கலாம். ரப்பரோடு ஒட்டிக்கொள்வதற்காகப் பிசினும் ரப்பர்ப்பாலும் கலந்த கரைசலில் தோய்ப்பதால் வந்த நிறம் அது. அதன் வலிமையைக் கேளுங்கள்: 840 டெனியர் இழை இரண்டை முறுக்கிய டயர் நூல் ஒன்று சுமார் 13 கிலோகிராம் தாங்கும். ஒரு குடம் தண்ணீரைத் தொங்கவிட்டால் அறாது. டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் எடை, கிராமில். எண் கூடினால் நூல் பருமன். லினன் நூலிலோ கணக்கு தலைகீழ். எண் கூடினால் நூல் மெல்லிது. கடையில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாறாதீர்கள்.

இப்போது முதலில் சொன்ன உருகுகம்பியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய ஆட்டுத்தோல் பணப்பையை இந்த டயர் நூலால் தைத்தால் என்ன ஆகும்? நூல் ஒருநாளும் அறாது. ஒவ்வோர் இழுப்பிலும் அது தோலைக் கத்திபோல அறுத்து, துளைகளை நீளவாக்கில் வாய்பிளக்கச் செய்யும். நைலானுக்கு இன்னொரு குணமும் உண்டு: இழுத்தால் நன்றாக நீளும், விட்டால் சுருங்கும். உதைபடும் செருப்புக்கு இந்த நெகிழ்வு நல்லது, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் இறுக்கமாக நிற்க வேண்டிய பெல்ட்டிலும் பையின் கைப்பிடியிலும் தையல் இளித்துக்கொண்டு நிற்கும். அங்கே நீட்சி குறைந்த பாலியெஸ்டர் மேல். வெயிலிலேயே கிடக்கும் பொருளுக்கும் பாலியெஸ்டரே மேல். சூரிய ஒளி நைலானை விரைவில் நலிவிக்கும். பட்டையில் பதனிட்ட தடித்த தோலைக் கையால் தைப்பவர், ஈரத்தில் ஊறாத பொருளாக இருந்தால், லினனையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அது மெழுகை ஏற்கும், முடிச்சு நழுவாது, தோலோடு இணங்கிப் படியும்.

தைக்கும் முறையும் நூலின் ஆயுளை முடிவு செய்கிறது. இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் தோலுக்குள் ஒன்றையொன்று கொக்கிபோட்டு நிற்கும். சாலையோரக் கொக்கி ஊசித் தையலும் பெரும்பாலும் இதே இனம்தான். ஓரிடத்தில் நூல் அறுந்தால் பக்கத்திலுள்ளவை வரிசையாகத் தளரும். சேணத் தையல் வேறு. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு ஊசிகளையும் செலுத்துவார்கள். ஒருபுறம் நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபுற நூல் அந்தத் துளையைப் பிடித்திருக்கும். இதற்குத் தைக்கும் நீளத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு நூல் வேண்டும். நேரமும் அப்படியே. அதனால்தான் சேணத் தையல் செய்த பையின் விலையைக் கேட்டு நாம் மலைக்கிறோம்.

உங்களிடம் உள்ள நூல் எது என்று தெரியாவிட்டால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, பெரியவர் ஒருவர் உடனிருக்க, தீயில் காட்டுங்கள். பருத்தியும் லினனும் காகிதம்போல எரிந்து பொடிச் சாம்பலாகும். பட்டும் தசைநாரும் மயிர் கருகும் நாற்றம் தரும். நைலானும் பாலியெஸ்டரும் தீக்கு முன்பே பின்வாங்கி, உருகி, மணிபோல இறுகும். சூடான அந்த மணியைத் தொட்டுவிடாதீர்கள். தோலில் ஒட்டிச் சுடும்.

இந்த உருகும் குணத்தால்தான் கதை அம்பத்தூருக்குத் திரும்புகிறது. 1964-இல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் தெருக்களில் நடந்தால் ஏதாவதொரு கொட்டகையில் வெல்டிங் பொறி பறப்பதைக் காணலாம். வெல்டரின் கையில் இருப்பது குரோம் முறையில் பதனிட்ட தடித்த தோலுறை. தெறிக்கும் உருகிய இரும்புத் துளியின் வெப்பநிலை 1,500 டிகிரி அளவில் இருக்கும். தோல் அதைச் சற்றே கருகித் தாங்கிக்கொள்ளும். ஆனால் நைலான் 220 முதல் 260 டிகிரிக்குள் உருகும். பாலியெஸ்டர் 255 டிகிரி அளவில் உருகும். ஆகவே தோல் முழுசாக இருக்க, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தையல் திறந்துகொள்ளும். அடுத்த பொறி நேராகச் சதைக்குள். இங்கே தையல் பிரிவது சில ரூபாய்ச் செலவன்று, ஒருவரின் கை. நூல் முதலில் அறுவது நல்லது என்று மேலே சொன்ன விதி இந்த ஓர் இடத்தில் செல்லாது.

அமெரிக்காவில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலார் 1965-இல் கண்டுபிடித்த கெவ்லார் இழை இந்த வேலைக்குப் பொருந்தியது. அதுவும் அமைடு இனமே. அது உருகுவதில்லை, 450 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் சிதையத் தொடங்கும். வெயில் மட்டும் அதற்கு ஆகாது, விலையும் கூடுதல். மலிவான உறைகளில் அது இருக்காது. அத்தகைய உறை பிரிந்து, அதை ஒரு வெல்டர் சாலையோரத் தொழிலாளியிடம் கொண்டுபோனால், பெட்டியிலுள்ள நூல்களில் எதை எடுப்பது? 13 கிலோ தாங்கும் டயர் நூலை அல்ல. மெழுகு பூசாத பருத்தி நூலை எடுத்து இரட்டையாக்கித் தைப்பதே அறிவு. அது கருகும், ஆனால் உருகி ஓடாது, ஒரே பொறியில் திறந்துகொள்ளாது.

நல்ல உறையில் இன்னொரு தந்திரமும் உண்டு. அடுத்த முறை வெல்டிங் கையுறை ஒன்றைக் கண்டால் விரல் ஓரத்தை விரித்துப் பாருங்கள். இரண்டு தோல்களுக்கும் நடுவே ஒரு விரற்கடையைவிடக் குறுகிய தோல் பட்டை ஒன்று, முனை மட்டும் வெளியே தெரிய, சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். பொறி விழுவது அந்தப் பட்டையின்மேல். நூல் உள்ளே, உட்புறமாகத் திருப்பிய தையலில், தீயின் கண்ணில் படாமல் இருக்கும்.